எந்திரனைக் காணச் சென்ற இரவு

மக்கள் பலர் ஓரிடத்திற் கூடுவதற்குத் தமிழில் இருவகைப் பெயர் உண்டு. ஒரு நோக்கமும் ஒரு வரம்பும் கொண்டு கூடின் அதனை அவை என்கிறோம். வரம்பின்றி நெருங்கின் கும்பல் என்கிறோம். திரைப்படம் ஒன்றின் முதற்காட்சிக்குப் பொழுது புலருமுன் கூடும் இளைஞரை இவ்விரண்டனுள் எப்பெயரால் அழைப்பது? பெரியோர் பலர் ஐயமின்றி இரண்டாவது பெயரையே இடுவர். அவர் கூற்று முற்றும் பொய்யன்று. ஆயினும், அத்தகைய கூட்டத்தினுள் ஓர் இரவு முழுதும் நின்று பார்த்தவர் என்னும் உரிமையால், அதனைக் குறித்துச் சில கூற விரும்புகிறோம்.

நாங்கள் விடுதி மாணவராயிருந்த காலம் அது. 2010-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் நாள், வெள்ளிக்கிழமை, ‘எந்திரன்’ என்னும் படம் வெளியாயிற்று. இயக்கியவர் ஷங்கர், ரஜினிகாந்த் அதனைப் படைக்கும் விஞ்ஞானி வசீகரனாகவும், படைக்கப்பட்ட எந்திர மனிதனாகிய சிட்டியாகவும் இருவேடம் பூண்டிருந்தார். உரையாடலில் எழுத்தாளர் சுஜாதாவின் பங்கும் இருந்தது. அவரோ படம் முடியுமுன்னரே 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார். ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்னும் எந்திர நாயை விடுதி அறைகளில் அறியாதார் இல்லை. ஆதலின் எங்களுள் சிலர் நடிகரின் பொருட்டும், சிலர் மறைந்த எழுத்தாளரின் பொருட்டும் சென்றனர் எனல் பொருந்தும்.

இத்தகைய கற்பனை கொங்கு நாட்டிற்குப் புதிதன்று. விசயமங்கலத்தினர் என்று கூறப்படும் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில், யானைமேற் பெருங்காதல் கொண்ட உதயணனைப் பிடிக்கப் பகைவேந்தன் பொறியானை ஒன்றைச் செய்து காட்டில் விடுகிறான். அதனுள்ளே போர்வீரர் மறைந்திருக்கின்றனர். உ. வே. சாமிநாதையரவர்கள் 1924-இல் அந்நூலைப் பதிப்பித்தமையால் அக்கதை நமக்குக் கிடைத்தது. மேனாட்டிலோ ‘ரோபோ’ என்னும் சொல்லுக்குப் பிறப்பிடம் செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட நாடகம். அவர் மொழியில் அதன் வேர்ச்சொல் கட்டாய உழைப்பைக் குறிப்பது. அந்நாடகத்தில் வரும் எந்திர மனிதர் தனியர் அல்லர். ஆயிரக்கணக்கிற் செய்து விற்கப்பட்டவர். முடிவில் திரண்டெழுந்து மனிதரையே அழிப்பவர். எந்திரத்தைப் பற்றிய அச்சம் தொடக்கத்திலேயே கூட்டத்தைப் பற்றிய அச்சமாகவும் இருந்தது என்பதனை அன்பர்கள் கருதுக.

படத்தொழிலுக்கும் எம் நகரம் பழைய வீடு. இருப்புப்பாதைப் பணியில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் திருச்சிராப்பள்ளியில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியையும் இயேசுநாதர் சரிதப் படத்தையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராய்க் கூடாரமிட்டுக் காட்டினார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையை எழுப்பினார். அதன் பெயரை ஒரு சாலை இன்றும் தாங்கி நிற்கிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் அமெரிக்கருடன் கூடி 1952-இல் எடுத்த ‘காடு’ என்னும் படத்தில், மண்ணுலகை விட்டு மறைந்த மாமத யானைகள் மீண்டும் தோன்றின. 1963-இல் வெளிவந்த ‘கலை அரசி’யில் வேற்றுலகத்தான் ஒருவன் இங்குள்ள பாடகியைக் கவர்ந்து செல்கிறான். இவ்வழியில் வந்தவர்க்கே ‘எந்திரன்’ கிட்டியது.

நாங்கள் ஐவர். பொள்ளாச்சியார் ஒருவர், பவானியில் ஜமக்காளம் நெய்யும் வீட்டவர் ஒருவர், காங்கயத்தைச் சார்ந்த சிற்றூரில் எருமை வளர்க்கும் குடும்பத்தவர் ஒருவர், சுஜாதாவின் நூல்களைப் பெட்டி நிறைய வைத்திருந்த குன்னூரார் ஒருவர், உக்கடத்தார் ஒருவர். முதல் நாளாகிய செப்டம்பர் 30 அன்று மாலையில்தான் அயோத்தி வழக்கில் அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. நாடெங்கும் காவல் பலப்படுத்தப்பட்டிருந்தது. 1998-ஆம் ஆண்டின் குண்டுவெடிப்புகளை மறவாத கோவையில் அத்தகைய நாள் எவ்வாறு கழியும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. கடைகள் விரைவில் அடைபட்டன. உக்கடத்து நண்பரின் தாயார் மாலையில் மும்முறை தொலைபேசியில் அழைத்தார். “படம் எங்கேயும் ஓடிப் போகாது கண்ணு, நாளைக்கழிச்சுப் பாத்துக்கலாம்” என்பதே அம்மூன்று முறையும் அவர் கூறியது. மகனோ, “அம்மா, நாங்க அஞ்சு பேரும் ஒண்ணாத்தான் போறோம்” என்பதனையே மறுமொழியாக மூன்று முறையும் கூறினார்.

விடுதிக் காப்பாளர் இசைவளிக்க ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். “ஐவர் போகிறீர்கள்; காலையில் ஐவரும் ஒருசேர என் முன் வந்து நிற்கவேண்டும்; நால்வர் வந்து ஐந்தாமவரைப் பற்றிக் கதை சொல்லலாகாது” என்றார். அன்று அது முதியோர் அச்சமாகவே எங்களுக்குத் தோன்றிற்று.

காட்சி விடியற்காலை நான்கு மணிக்கு. நள்ளிரவிற்கெல்லாம் திரையரங்கின் வாயிலை அடைந்தோம். சாலைமுனை ஒவ்வொன்றிலும் காவலர் நின்ற அவ்விரவில், அந்த ஓரிடம் மாத்திரம் திருவிழாவாயிருந்தது. ஐம்பதடி உயரம் மதிக்கத்தக்க நடிகரின் உருவம், பலகையில் வரைந்து நிறுத்தப்பட்டிருந்தது. தாரையும் தப்பட்டையும் முழங்கின. பூசணிக்காயின்மேற் சூடம் கொளுத்திச் சுற்றி உடைத்தனர். உருவத்தின் தோள்மேல் ஏறிய இளைஞர் இருவர் பால் உறைகளைக் கிழித்துத் தலையில் ஊற்றினர். கீழிருந்தோர் ஆர்ப்பரித்தனர். எங்கள் காங்கயத்து நண்பர் ஆரவாரத்திற் கலவாது நின்றார். கறவை மாட்டின் காலடியில் விடியற்காலை குந்தியிருந்த கைக்கு, பால் தரையில் ஓடுதல் பொறுக்கவில்லை போலும். ஒருவர் அவர் கையிலும் ஓர் உறையைத் திணித்தார். அவர் அதனை வாங்கிக்கொண்டு, எதிரே தேநீர் விற்ற அம்மையாரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அவ்வம்மையார் அதற்கு ஈடாக எங்கள் ஐவர்க்கும் தேநீர் தந்தார். அபிடேகத்தினும் அத்தேநீர் எங்களுக்குப் பெரிதாயிற்று.

மூன்றரை மணிக்கு இரும்பு வாயில் சிறிதே திறந்தது. அதுவரை ஆடிப் பாடி நின்றவர் அனைவரும் ஒரே உடலாயினர். பின்னின்றார் தள்ள, முன்னின்றார் நசுங்க, காலெடுத்து வைத்தல் எங்கள் செயலாக இல்லை. கூட்டமே எங்களை எடுத்துச் சென்றது. வாயிற்படியைக் கடந்து எங்களை எண்ணிப் பார்த்தோம். நால்வரே இருந்தோம். உக்கடத்து நண்பரைக் காணோம். அவர் தாயாரின் குரலும் காப்பாளரின் நிபந்தனையும் அப்பொழுது எங்கள் செவியில் ஒலித்தவாற்றை எழுத்தில் வடித்தல் அரிது. திரும்பிச் செல்ல வழியில்லை. பெயர் சொல்லிக் கூவினோம். அவ்வொலியில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை.

அவ்வேளையில் முரட்டுக் குரல் ஒன்று எழுந்தது: “ஆளு வுழுந்திருக்குது, நில்லுங்கப்பா!” அவ்வளவே. அதனைக் கேட்டவர் நின்றனர். நின்றவர் தம் முதுகைக் கொடுத்துப் பின்னுள்ளாரைத் தாங்கினர். “நில்லு, நில்லு” என்னும் சொல் வாய்க்கு வாய் மாறிச் சாலை வரையிற் சென்றது. பத்துப் பன்னிரண்டு கைகள் தாழ்ந்து, கீழே கிடந்தவரைத் தூக்கித் தலைகளின் மேலாக முன்னே அனுப்பின. குழந்தையை ஏந்துவார்போல் ஏந்தி, எங்கள் நண்பரை எங்கள் முன்னே இறக்கினர். ஒரு செருப்பும் முழங்கைத் தோலும் போயின; வேறு ஊறு இல்லை. தூக்கியவர் எவர், அவர் குலம் யாது, சமயம் யாது என்று நாங்களும் கேட்கவில்லை. தூக்கப்பட்டவர் எவர் என்று அவர்களும் கேட்கவில்லை. அந்நாளில், அந்நகரில், அது சிறிய செய்தியன்று.

உள்ளே விளக்கணைந்தது. நடிகரின் பெயர் எழுத்தெழுத்தாய்த் திரையில் தோன்றுகையில் எழுந்த முழக்கத்தால் முதற் கால்மணி நேரம் ஒரு சொல்லும் எங்கள் செவிக்கு எட்டவில்லை. கிழித்த காகிதங்கள் திரைக்கும் எங்களுக்கும் இடையே மழையெனப் பொழிந்தன. குன்னூர் நண்பர், “சுஜாதா எழுதியதைக் கேட்க வந்தேன்; சீழ்க்கையைக் கேட்கிறேன்” என்று தலையிற் கைவைத்தார்.

எங்கள் அருகே அறுபதைக் கடந்த முதியவர் ஒருவர் பேரனுடன் அமர்ந்திருந்தார். பீளமேட்டுப் பக்கம் பம்புப் பட்டறை ஒன்றில் நாற்பது ஆண்டு லேத் ஓட்டியவர் என்று பேச்சில் அறிந்தோம். எந்திர மனிதன் ஓடும் இரயிலின் பக்கவாட்டில் விரைந்து செல்லும் காட்சியில் அரங்கம் அதிர, அவர் எங்கள் பக்கம் சாய்ந்து, “ஏனுங் தம்பி, இத்தனை வேகத்துக்கு மோட்டார் சூடேறிப் போகாதுங்களா?” என்றார்.

“அது கதைங்க ஐயா” என்றோம்.

“கதையா இருந்தாலும் பேரிங்கு தேயுமில்லீங்க?” என்றார் அவர்.

பம்பும் மோட்டாரும் செய்து பிழைக்கும் ஊரில் அறிவியற் கற்பனைக்கு இத்தகைய காண்போர் வாய்ப்பது இயல்பே. அவருடைய வினா நகைப்பிற்குரியது அன்றென்று பின்னர் உணர்ந்தோம். அத்துணைப் பேருள் அவர் ஒருவரே நடிகரைக் காணாது எந்திரத்தைக் கண்டவர்.

கதையின் நடுவே தீப்பற்றிய குடியிருப்பிலிருந்து சிட்டி பலரைக் காப்பாற்றுகிறது. நீராடிக்கொண்டிருந்த பெண் ஒருத்தியை ஆடையின்றியே தூக்கி வந்து பலர் முன்னிலையில் நிறுத்துகிறது. உயிரைக் காத்தல் அதற்குத் தெரியும். நாணம் இன்னதென்று தெரியாது. அக்காட்சியில் அரங்கின் ஒரு மூலையில் சிலர் சிரித்தனர்; சீழ்க்கையும் கேட்டது. அடுத்த நொடியில் அப்பெண் மானம் தாங்காது சாலையில் ஓடி வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். சிரித்த மூலையில் ஓசை அடங்கியது. எந்திரம் அறியாத ஒன்றை மனிதராகிய நாமும் இருளிற் கூடியிருக்கும்போது எத்துணை விரைவில் மறக்கிறோம் என்பதனை அந்த அமைதி எங்களுக்குக் கற்பித்தது. எந்திரத்திற்கு அதனைப் புகட்ட வசீகரன் முற்படுகிறான். உணர்ச்சி வந்த எந்திரமோ அவன் காதலித்த பெண்ணையே காதலிக்கிறது. சினந்த விஞ்ஞானியால் வெட்டுண்டு குப்பைமேட்டில் எறியப்படுகிறது. தீயவன் ஒருவன் அதனை மீட்டு அழிவெண்ணத்தைப் பொருத்துகிறான்.

பின்னர் வருவதே படத்தின் பேர்போன பகுதி. சிட்டி தன்னைப்போல் நூற்றுக்கணக்கான உருவங்களைச் செய்துகொள்கிறது. ஒரே முகம், ஒரே உடை, ஒரே ஆணை. அவை ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு உருண்டையாகின்றன, பாம்பாகின்றன, விண்ணளாவும் அரக்கனாகின்றன. அரங்கம் எழுந்து நின்று கூத்தாடிற்று. எங்கள் குரலும் அதிற் கலந்தது. அவ்வேளை பொள்ளாச்சி நண்பர் எங்களைத் தொட்டு, நாற்புறமும் பாருங்கள் என்று கைகாட்டினார். ஒரே உருவம் அச்சிட்ட சட்டைகள், ஒரே வகையாய் உயர்ந்த கைகள், ஒரே கூச்சல். திரையில் இருந்தது எதுவோ அதுவே திரைக்கு இப்பாலும் இருந்தது. கொங்குவேளிர் கதையில் எந்திரத்தினுள் மனிதர் ஒளிந்திருந்தனர். இங்கோ மனிதர் ஒவ்வொருவருள்ளும் ஓர் எந்திரம் ஒளிந்திருக்கக் கண்டோம். சில மணிப் பொழுது முன்னர் ஒருவரைத் தலைமேல் ஏந்தி வந்த கைகளும் இக்கைகளே என்பதும் நினைவிற்கு வந்தது. இரண்டையும் ஒருங்கே எண்ணுதல் எளிதாயில்லை.

நீதிமன்றம் சிட்டியைப் பிரித்துவிட ஆணையிடுகிறது. பிறர் செய்யவேண்டிய அச்செயலைச் சிட்டி தானே செய்கிறது. பழகியோரிடம் விடைபெற்று, தன் உறுப்புகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி வைக்கிறது. பாட்டில்லை, சண்டையில்லை, ஓர் எந்திரம் தன்னைத் தானே கழற்றுவதல்லது அங்கே காண்பதற்கு ஒன்றுமில்லை. நாங்கள் சீழ்க்கையை எதிர்பார்த்தோம், அஃது எழவில்லை. நான்கு மணி முதல் ஓயாது முழங்கிய அரங்கில், மின்விசிறி சுழலும் ஓசை முதன்முறையாகக் கேட்டது. கடைசியில் கதை 2030-ஆம் ஆண்டிற்குச் செல்கிறது. காட்சிச்சாலை ஒன்றிற்கு வந்த பள்ளிச் சிறுமி, இதனை ஏன் கழற்றினார்கள் என்று வினவுகிறாள். தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்பது சிட்டியின் விடை.

முதியவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். “நல்ல மிஷினுங் தம்பி” என்றார். சிறிது பொறுத்து, “எங்க பட்டறையில நான் மொதல்ல ஓட்டுன லேத்தையும் இப்படித்தானுங்க கழட்டி எடைக்குப் போட்டாங்க. அன்னைக்கு நான் வேலைக்கே போகலீங்க” என்றார். ஆயுதபூசையன்று எந்திரத்திற்குச் சந்தனமும் குங்குமமும் இடும் ஊரவர் அவர். நடிகருக்கென்று வந்த அத்தனை பேரும் ஓர் இரும்புக் குவியலுக்காக ஏன் மௌனமாயினர் என்பதற்கு, அவர் மொழியைக் காட்டிலும் தெளிவான விடை எங்களுக்கு இன்றுகாறும் கிட்டவில்லை.

வெளியே வருகையில் பொழுது நன்கு புலர்ந்திருந்தது. அடுத்த காட்சிக்கு நின்றவர் எங்களைச் சூழ்ந்துகொண்டு படம் எவ்வாறு என்று கேட்டனர். பவானி நண்பர், “வாயிலில் மெல்லப் போங்கள்” என்று மாத்திரம் விடையிறுத்தார். நகரம் அமைதியாயிருந்தது, காவலர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். உக்கடத்து நண்பர் ஒற்றைச் செருப்புடன் நின்று தாயாரை அழைத்து, “அஞ்சு பேரும் இருக்கோம்மா” என்றார். காப்பாளர் முன் ஐவரும் சென்று நின்றோம். அவர் எண்ணிப் பார்த்தார். அறுபட்ட முழங்கையைக் கண்டும் ஒன்றும் வினவாது மருந்துப் பெட்டியை எடுத்து வந்தார்.

எட்டாண்டிற்குப் பின் 2018 நவம்பர் 29 அன்று ‘2.0’ என்னும் தொடர்ச்சி வெளிவந்தது. அதற்குள் ஐவரும் ஐந்து ஊர்களிற் பணியிலிருந்தோம். கண்ணாடி அணிந்து முப்பரிமாணத்தில் தனித்தனியே கண்டு, இரவில் தொலைபேசியிற் கூடிப் பேசினோம். பறவைகள் கண்முன்னே வந்து பறந்தன. முதுகைத் தாங்குவார்தாம் எவருமில்லை.

விடியற்காட்சிகளும் இப்பொழுது தமிழ்நாட்டில் நின்றுவிட்டன. 2023 ஜனவரி 11 அன்று சென்னையில், வேறொரு படத்தின் நள்ளிரவுக் காட்சிக்குச் சென்ற இளைஞர் ஒருவர் மகிழ்ச்சி மிகுதியால் லாரி ஒன்றின்மேல் ஏறி ஆடியபொழுது விழுந்து உயிர் துறந்தார். அதன் பின்னர் புதுப்படங்களுக்கும் காலை ஒன்பது மணிக்கு முன்னர்க் காட்சி இல்லை. இதனைக் குறை கூறும் ரசிகர் உளர். எங்களுக்கு அவர்களோடு சேர மனமில்லை. “ஆளு வுழுந்திருக்குது” என்னும் குரல் எங்கள் வாயிலில் எழுந்தது. எல்லா வாயிலிலும் எழும் என்று நம்பி ஒரு தாய் தன் மகனை அனுப்புதல் இயலாது. ஒன்பது மணிக் காட்சியிலும் அதே படம்தான் ஓடும்.

ஆயினும் இளைஞர் கூடுதல் தீது என்று முடிவு கட்டுவாரோடும் நாங்கள் உடன்படோம். கூட்டம் என்பது தானே நல்லதும் அன்று, தீயதும் அன்று. ஆணையை மாத்திரம் கேட்கும் உருவங்களாய் நாம் அதிற் சேர்ந்தால் அரக்கனாகிறது. நம்முள் ஒருவர் சிந்தித்து “நில்” என்று சொல்லவும், அடுத்தவர் அதனைக் கேட்டு நிற்கவும் வல்லராயின் அவையாகிறது. இப்பொழுது விடுதியில் இருக்கும் இளைய நண்பர்கள் படத்திற்கோ, பந்தயத்திற்கோ, ஊர்வலத்திற்கோ செல்லுங்கால், தம்முள் எத்தனை பேர் சென்றனர் என்பதனை முதலில் எண்ணிக்கொள்வாராக. அவ்வெண்ணிக்கையை உள்ளத்தில் வைத்திருப்பவர் எத்துணைப் பெரிய கூட்டத்திலும் எந்திரமாகார்.